வேடர் தந்த தாளம்

காட்டு மக்களின் பாட்டு என்றதும், இரண்டு ஸ்வரமும் ஒரு முரட்டுத் தாளமுந்தான் என்று எண்ணுவோர் நம்மில் அநேகர். அவர்கள் ஹங்கேரிய சங்கீத மேதை கியோர்கி லிகெட்டி (1923–2006) பியானோவுக்கென்று இயற்றிய உருப்படிகளைக் கேட்க வேண்டும்.

1985 முதல் 2001 வரை அவர் செய்த உருப்படிகள் 18. முதலாவதன் பெயர் ‘ஒழுங்கின்மை’. வலது கை வெள்ளைக் கட்டைகளிலும் இடது கை கறுப்புக் கட்டைகளிலும் ஓடுகின்றன. எட்டு மாத்திரையை மூன்றும் ஐந்துமாகப் பிரித்துக்கொண்டு இரண்டும் சேர்ந்தே புறப்படும். சிறிது தூரம் சென்றதும் வலது கை ஒரு மாத்திரையை விழுங்கிவிடும்; பின்னும் அப்படியே. மிருதங்கக் கணக்கறிந்த நேயர்கள் இங்கே புன்னகை புரிவார்கள்.

இந்தப் போக்கிற்கு வழி காட்டியது ஆப்பிரிக்கா. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பண்டா-லிண்டா மக்கள் கோஷ்டியாகக் கொம்பு ஊதுவதை ஸிம்ஹா அரோம் என்ற ஆராய்ச்சியாளர் பதிவு செய்திருந்தார். 1982-ல் லிகெட்டி அதைக் கேட்டு அதிசயித்தார்.

அந்நாட்டுக் காடுகளில் வலை விரித்து வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்து வந்தவர்கள் அக்கா மக்கள். (பெயர்தான் அக்கா, நம் வீட்டுத் தமக்கையர் அல்லர்!) அவர்கள் பாட்டில் நான்கு குரல் வழிகள் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும். ஏடு இல்லை, பாடுபவர் வேறு, கேட்பவர் வேறு என்ற பேதமும் இல்லை. 2003-ல் பியேர்-லோரான் எமார் என்ற பியானோ வித்துவான் வெளியிட்ட இசைத்தட்டில் இவர்கள் பாட்டும் லிகெட்டியின் உருப்படிகளும் அருகருகே ஒலிக்கின்றன. பலர் கூடிப் பின்னுவதை அங்கே ஒருவரின் பத்து விரல்கள் பின்ன முயல்கின்றன.

முள்ளுக்குறிச்சிக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. வேட்டைக் காட்டில் எதிர்ப்பட்ட பாணருக்குப் பரிசில் தந்தான் என்று புறநானூறு கூறும். பாணர் அவன் புகழைப் பாடிக் கடன் தீர்த்தனர். லிகெட்டியும் கடனை மறைக்கவில்லை. அரோமின் நூலுக்கு முன்னுரை எழுதி உபகாரம் பாராட்டினார்.

ஆயினும் புகழ்ச்சியால் மட்டும் இந்தக் கடன் தீருமா? அக்கா மக்களின் பாட்டை 2003-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் செல்வம் என்று அறிவித்தது. காடோ குறைந்து வருகிறது. இளைஞர் ஊர்களை நாடுகின்றனர். வேட்டைப் பாட்டு உல்லாசப் பிரயாணிகளுக்கு வேடிக்கையாகிறது. காடு போனால் பியானோவில் நிழல் மிஞ்சும், உரு மிஞ்சாது.

நம் மலைகளிலும் பாட்டிமார் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைக் கேட்டு வியக்க இன்னொரு லிகெட்டி கடல் கடந்து வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?