பேரு மாறிச்சு, டைப் மாறல

வெலிமடையில கோடிங் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இது. சி பிளஸ் பிளஸ் மொழியில் 2011 முதல் ‘யூசிங்’ என்ற சொல்லைப் போட்டு ஒரு டைப்புக்கு மாற்றுப்பெயர் வைக்கலாம். பழைய ‘டைப்டெஃப்’ செய்த வேலைதான், வாசிக்க இன்னும் லேசு. ஆனா புது டைப் எதுவும் பிறக்காது. கம்பைலருக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

நமக்கும் அப்படித்தான் நடந்திருக்கு. 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்து நாம ‘இந்தியத் தமிழர்’. 2024 மதிப்பீட்டில் அதே வகைக்குப் பக்கத்துல ‘மலையகத் தமிழர்’ என்றும் போட்டாங்க. இதைச் சின்ன விஷயம்னு சொல்லமாட்டேன். 1948இல் நம்ம முன்னோர் நாடற்றவங்களா ஆனதுக்கு அந்த ‘இந்திய’ என்ற ஒட்டும் ஒரு காரணம். சரியான பேரு இருந்தாத்தான் கோடும் புரியும், வரலாறும் புரியும்.

ஆனா மாற்றுப்பெயரோட நிறுத்திட்டா, உள்ளே இருக்கிறது அப்படியே கிடக்கும். லயன் காம்பராவில இருக்கிற பல குடும்பத்துக்கு இன்னும் காணி உறுதி இல்ல, சொந்த முகவரியும் இல்ல. பேரை வாங்கியாச்சு. இனி கேட்க வேண்டியது புது டைப்: காணி, வீடு, முகவரி மூணையும் உள்ளே வச்சு எழுதின ஒண்ணு.