எழுத்தைக் காத்துப் பொருளைக் கொன்றவர்கள்

இலக்கியம் பேசும் இடத்தில் பந்தயக் காருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறோம். எழுத்துக்கும் பொருளுக்கும் இடையிலான உறவைப் பற்றித்தான் நாம் ஓயாமல் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். சொல் அப்படியே நிற்க, அதன் பொருள் மட்டும் களவு போவது எப்படி என்பதற்கு, 1994 முதல் 1998 வரையிலான ஜிடி கார்ப் பந்தயத்தின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று எங்களுக்குத் தெரிந்து வேறில்லை. அந்த வரலாற்றின் நடுவில் நிற்கும் கார், மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர்.

ஜிடி என்பது கிரான் டூரிஸ்மோ என்னும் இத்தாலியத் தொடரின் சுருக்கம். நெடும்பயணம் என்று பொருள். இருவர் ஏறிக்கொண்டு, பெட்டிகளை வைத்துக்கொண்டு, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விரைவாகவும் வசதியாகவும் போய்ச்சேர உதவும் வண்டி அது. இத்தகைய வண்டிகளைப் பந்தயத்தில் ஓட்டுவதற்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: தடத்தில் ஓடுவது சாலையில் ஓடும் வண்டியின் உறவினன் என்பதே அது. ஃபார்முலா ஒன் கார் பார்வையாளருக்கு அப்படி எதையும் வாக்களிப்பதில்லை. ஜிடி காரோ தன் பெயரிலேயே வாக்களிக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்தவர்களோடுதான் எங்கள் சண்டை.

எஃப்1 கார் பிறந்த கதை பலரும் அறிந்தது. 1988-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்கள் 16-இல் 15-ஐ மெக்லாரன் வென்றது. தோற்ற ஒரே பந்தயம் இத்தாலியின் மொன்ஸா. அது முடிந்து மிலான் விமான நிலையத்தில் தாமதமான விமானத்துக்குக் காத்திருந்தபோது, மெக்லாரனின் தலைவர்களும் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரேவும் பேசிய பேச்சில் அந்தக் கார் கருக்கொண்டது. 1992-இல் மொனாகோவில் அதை உலகுக்குக் காட்டினார்கள். கார்பன் இழையாலான உடல். நடுவில் ஓட்டுநர், இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு பயணிகள். 1,138 கிலோ எடை. எஞ்சினுக்கு மர்ரே கேட்டது 550 குதிரைத்திறன். பிஎம்டபிள்யூவின் பால் ரோஷே கொடுத்ததோ 6.1 லிட்டர் வி12 எஞ்சினிலிருந்து 627. எஞ்சின் வெப்பத்தைத் திருப்பி அனுப்ப உள்ளே தங்கத் தகடு ஒட்டினார்கள். பவர் ஸ்டியரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை. ஆனால் இரு விலாவிலும் பெட்டி வைக்க இடம் இருந்தது. அந்த இடத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த பைகளும் காரோடு வந்தன. இந்தப் பைகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மர்ரே இதைப் பந்தயத்துக்காக வரையவில்லை. பந்தயத்துக்கு அனுப்பவும் முதலில் விரும்பவில்லை. 1994-இல் தொடங்கிய பிபிஆர் தொடரில் ஓட்ட வேண்டும் என்று ரே பெல்ம், தாமஸ் பிஷர் போன்ற வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்ட பிறகே மெக்லாரன் இணங்கியது. அப்படிப் பிறந்ததுதான் ஜிடிஆர். உள்ளே கூண்டு வைத்தார்கள், பின்னால் பெரிய இறக்கை பொருத்தினார்கள், கார்பன் பிரேக் போட்டார்கள், தோலையும் கம்பளத்தையும் உரித்தெடுத்தார்கள். அவ்வளவுதான் என்று சொன்னால் பொறியாளர்கள் கோபிப்பார்கள். ஆனாலும் அந்த வண்டியின் எலும்புக்கூடு மாறவில்லை. எஞ்சினுக்குப் போகும் காற்றை விதிப்படி நெறித்ததால், பந்தயக் காரின் திறன் ஏறத்தாழ 600 ஆகக் குறைந்தது. சாலைக் காரைவிடப் பந்தயக் காருக்கு வலிமை குறைவு! பெயருக்கும் பொருளுக்கும் இத்தனை நெருக்கம் இருந்த தருணம் ஜிடி வரலாற்றில் அரிது.

1995 ஜூன் 17, 18 தேதிகளில் பிரான்சின் லெ மானில் 24 மணி நேரப் பந்தயம். ஏழு ஜிடிஆர்கள் புறப்பட்டன. மழை வந்தது, வந்தது போகவில்லை. பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட புரோட்டோடைப் கார்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறின. 59-ஆம் எண் தாங்கிய மெக்லாரன் 298 சுற்றுகள் முடித்து வென்றது. ஓட்டியவர்கள் பின்லாந்தின் ஜே.ஜே. லேட்டோ, பிரான்சின் யானிக் தல்மாஸ், ஜப்பானின் மசனோரி செகியா. லெ மானில் ஒட்டுமொத்த வெற்றி கண்ட முதல் ஜப்பானியர் செகியாதான். 3, 4, 5, 13 ஆகிய இடங்களும் ஜிடிஆர்களுக்கே. வென்ற வண்டி புதிதாகச் செய்ததுகூட இல்லை. சோதனை ஓட்டங்களுக்கென வைத்திருந்த முதல் ஜிடிஆரையே அந்த அணிக்குக் கொடுத்திருந்தார்கள்.

இங்கேதான் அவதூறு தொடங்குகிறது. மழை பெய்யாவிட்டால் மெக்லாரன் வென்றிருக்காது, மரியோ ஆந்திரெட்டி இருந்த கூராஜ் கார் தொடக்கத்தில் மோதிக்கொள்ளாவிட்டால் அதுவே வென்றிருக்கும் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். கூராஜ் இரண்டாவதாக வந்தது உண்மை. மோதலைச் சரிசெய்ய அது இழந்த நேரம் தோல்வியின் இடைவெளியைவிடப் பெரிது என்பதும் உண்மை. அதனால் என்ன? 24 மணி நேரம் ஓட்டுவது எதற்காக? மழை, இருள், களைப்பு, பிழை ஆகிய எல்லாம் வந்து போகட்டும் என்பதற்காகத்தானே! மழையைக் கழித்துவிட்டு லெ மானைக் கணக்கிடுவது, கோவலன் மதுரைக்குப் போகாமல் இருந்திருந்தால் சிலப்பதிகாரம் எப்படி முடிந்திருக்கும் என்று கேட்பதற்குச் சமம். நெடுந்தூரம் பயணம் போவதற்கென வரையப்பட்ட வண்டி, நெடுநேரம் மழையில் குலையாமல் ஓடியது. அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் அல்ல. அதன் இயல்பு.

அந்த வெற்றிக்கு முன்பே திருட்டு தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1994-இல் லெ மானை வென்றது டவ்வர் 962. பழைய போர்ஷே 962 பந்தயக் காருக்குச் சாலை உரிமம் வாங்கி, அதை ஜிடி கார் என்று சொல்லி அழைத்துவந்தார்கள். விதி ஏற்றுக்கொண்டது. சாலைக் காரிலிருந்து பந்தயக் கார் பிறப்பதற்குப் பதில், பந்தயக் காருக்குச் சாலைக் காரின் சான்றிதழ் ஒட்டப்பட்டது. 1995 இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு எதிரான ஓராண்டு இடைவேளை மட்டுமே.

1996-இல் போர்ஷே 911 ஜிடி1 வந்தது. முன்பாதி 911-இலிருந்து, பின்பாதி 962-இலிருந்து. 911 என்னும் பெயரின் அடையாளமே எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால் இருப்பது. இதிலோ எஞ்சின் பின் அச்சுக்கு முன்னால் வந்துவிட்டது. அதன் பிறகு மெர்சிடிஸ். ஒரு மெக்லாரன் ஜிடிஆரை விலைக்கு வாங்கிச் சோதித்துக் கற்றுக்கொண்டு, 128 நாட்களில் சிஎல்கே ஜிடிஆரை உருவாக்கி 1997 பருவத்துக்குக் கொண்டுவந்தது. விற்பனையில் இருந்த சிஎல்கே காருக்கும் இதற்கும் முகச்சாயலைத் தவிர உறவு சொல்ல அதிகம் இல்லை. விதி கேட்ட 25 சாலைக் கார்கள் பந்தயத்துக்குப் பிறகுதான் வாடிக்கையாளர் கைக்குப் போயின. மூலம் எழுதப்படுவதற்கு முன்பே மொழிபெயர்ப்பு வெளியான விந்தை இது.

உச்சம் 1998-இல் நிகழ்ந்தது. லெ மானில் ஜிடி1 பிரிவில் நுழைந்த டொயோட்டா ஜிடி-ஒன்னுக்குச் சாலை வடிவம் இரண்டே இரண்டு. ஜிடி கார் என்றால் ஒரு பெட்டி வைக்க இடம் வேண்டும் என்பது விதி. டொயோட்டாவினர் பெட்ரோல் தொட்டியைக் காட்டினார்கள். தொட்டி காலியாக இருக்கும்போது அதற்குள் பெட்டி ஒன்று கொள்ளும் என்றார்கள். அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள்! பெட்டி ஏற்றினால் கார் ஓடாது, கார் ஓடினால் பெட்டி ஏறாது. மர்ரேயின் காரோடு வந்த அளவெடுத்துத் தைத்த பைகளை இப்போது நினைத்துப் பார்க்கலாம். விதியின் ஒரு எழுத்தும் மீறப்படவில்லை. விதியின் பொருளில் ஒரு துளியும் மிஞ்சவில்லை.

எங்கள் வாதத்துக்கு எதிராக இரண்டு கேள்விகள் எழும் என்று அறிவோம், இரண்டுமே நியாயமானவை. விதியின் இடுக்கில் நுழைவது பந்தயப் பொறியியலின் மரபுதானே, அந்த மர்ரேவே 1978-இல் பிராபம் காரின் பின்னால் விசிறி மாட்டி, அது எஞ்சினைக் குளிர்விக்க என்று சொல்லி, ஸ்வீடனில் நிக்கி லாடாவை வெல்லவைத்தவர்தானே என்பது முதல் கேள்வி. ஆம், அவரேதான். காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடித்த விசிறி அது. ஒரே பந்தயத்தோடு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்தத் தந்திரம் எந்தப் பெயரையும் பொய்யாக்கவில்லை. ஃபார்முலா ஒன் கார் ஃபார்முலா ஒன் காராகவே இருந்தது. போட்டியாளரை ஏமாற்றுவது ஒன்று. போட்டியின் பெயரையே ஏமாற்றுவது வேறு.

மெக்லாரன் மட்டும் என்ன யோக்கியம் என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு எங்களிடம் சமாதானம் இல்லை. 1997-இல் மெக்லாரனும் ஜிடிஆரின் வாலை நீட்டியது. நீண்ட வாலுக்கு விதியின் ஒப்புதல் வேண்டுமே என்பதற்காக, அதே வடிவில் எஃப்1 ஜிடி என்ற பெயரில் மூன்று சாலைக் கார்களை மட்டும் செய்தது. பந்தயத்துக்காகச் சாலைக் கார்! ஐந்து ஆண்டுகளுக்கு முன் எதற்கு எதிராக அந்தக் கார் வரையப்பட்டதோ, அதுவாகவே அது ஆனது. அவ்வாண்டின் 11 பந்தயங்களில் நீண்ட வால் மெக்லாரன்கள் 5-ஐ வென்றன. மெர்சிடிஸ் 6-ஐ வென்றது. இந்தக் கணக்கு எங்களுக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஒரு கெட்ட விதி செய்யும் மிகப் பெரிய தீங்கு இதுதான்: அது ஏமாற்றுபவர்களுக்குப் பரிசு கொடுப்பதோடு நிற்பதில்லை, நேர்மையாக இருந்தவர்களையும் ஏமாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது.

விளைவு என்ன? 1998-இல் எஃப்ஐஏ ஜிடி தொடரின் பத்துப் பந்தயங்களையும் மெர்சிடிஸே வென்றது. வெல்ல முடியாது என்று தெரிந்த பின் எதிரே நிற்க யார் வருவார்கள்? சொந்தப் பணத்தில் கார் வாங்கி இந்தப் பந்தயத்தை வளர்த்தெடுத்த தனியார் அணிகள் ஏற்கெனவே ஒதுங்கத் தொடங்கியிருந்தன. 1999-இல் அந்தத் தொடரில் ஜிடி1 பிரிவே இல்லை. சாலைக் காரின் பந்தயம் என்று சொல்லித் தொடங்கியது, சாலைக் காரை வெளியேற்றிய பிறகு தானும் வெளியேறியது. ஆயினும், அதே 1998-இல், பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் மேலாளர் ஸ்டீவ் ஓ'ரூர்க் இருவரோடு சேர்ந்து ஓட்டிய ஒரு ஜிடிஆர், தொழிற்சாலை அணிகளின் படையெடுப்புக்கு நடுவே லெ மானில் நான்காவதாக வந்தது. வயதான அந்த வண்டிக்கு அது தோல்வி என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. லெ மானின் மேல்தட்டில் ஹைப்பர்கார் என்னும் பெயர் 2021 முதல் வழங்குகிறது. சாலையில் ஓடும் அதிவேகக் காரைக் குறித்த சொல் அது. சாலைக் காரே இல்லாத வண்டிகளும் அந்தப் பெயரில் அங்கே ஓடலாம். 2025-இல் ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரி, சாலைக்கென வரையப்பட்டுப் பின் பந்தயத்துக்கு வந்த காராக அந்தப் பிரிவில் நுழைந்தபோது, அதுவே ஒரு விதிவிலக்காகப் பேசப்பட்டது. பெயர் சொல்வதைச் செய்யும் கார் விதிவிலக்கு என்றால், மற்றவற்றுக்கு அந்தப் பெயர் எதற்கு?

வேகமான கார்களை நாங்கள் வெறுக்கவில்லை. புரோட்டோடைப் கார்கள் புரோட்டோடைப் என்ற பெயரில் ஓடட்டும், கைதட்டுவோம். ஆனால் ஒரு சொல்லைக் கையில் எடுப்பவர்கள் அதன் பொருளையும் சேர்த்தே சுமக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியைப் பெட்டி வைக்கும் இடம் என்று எழுதிக்கொடுத்தவர்கள் விதி நூலை நன்றாகப் படித்தவர்கள்தான். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வாசகர்கள் ஆகிவிடுவதில்லை.