லேப்டாப் பெட்டியில் அச்சாகாத எண்

கேம் ஆடத் தகுந்த லேப்டாப் என்றால் வண்ண விளக்குகள் மின்னும் கீபோர்டும் முரட்டு உடலும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பகலில் வகுப்புக்கோ அலுவலகத்துக்கோ எடுத்துப் போய், இரவில் கொஞ்ச நேரம் கேம் ஆட ஒரே கருவி போதும் என்பவர்களுக்கு அந்த எண்ணத்தால் செலவுதான் கூடுகிறது. எச்பி விக்டஸ், லெனோவோ எல்ஓக்யூ வரிசைகளில் அடக்கமான தோற்றத்தோடு தனி கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்கள் சில ஆண்டுகளாகவே கிடைக்கின்றன. தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: சிப்பின் பெயர்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் சிப்பை எடுத்துக்கொள்வோம். 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அதை ஓட்ட லேப்டாப் தயாரிப்பாளருக்கு அனுமதி உண்டு. இரண்டு லேப்டாப்களிலும் ஒரே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆடும்போது ஒன்று தடுமாறும், இன்னொன்று சீராக ஓடும். முன்பு குறைந்த வாட்டில் ஓடும் சிப்புகளின் பெயரோடு ‘மேக்ஸ்-க்யூ’ என்ற அடையாளமாவது சேர்ந்து வந்தது. 2021இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை லேப்டாப்களுக்கு வந்தபோது அதுவும் பெயரிலிருந்து போய்விட்டது. ஏஎம்டி ப்ராசசர்களிலும் இதே குழப்பம்தான். ரைசன் 7 7730யூ, ரைசன் 7 7840யூ இரண்டும் ஒரே தலைமுறை போலத் தெரியும். முதலாவதில் இருப்பது பழைய வேகா கிராபிக்ஸ். இரண்டாவதில் அதைவிட மிக வலுவான ரேடியான் 780எம். ‘ரைசன் 7’ என்பதை மட்டும் படித்துவிட்டுப் பணம் கட்டுபவருக்கு இது தெரிய வழியே இல்லை.

தனி கிராபிக்ஸ் சிப் இல்லாமல் கேம் ஓடாது என்று சொல்பவர்கள் வால்வ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஸ்டீம் டெக்கைப் பார்க்க வேண்டும். எட்டே கிராபிக்ஸ் அலகுகள், சிப்புக்கு அதிகபட்சம் 15 வாட், 1280×800 திரை. அதில் எல்டன் ரிங் போன்ற பெரிய கேமே ஓடுகிறது. 780எம்மில் இருப்பவை பன்னிரண்டு அலகுகள். திரை நுணுக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவருக்குச் சாதாரண அலுவலக லேப்டாப்பே போதும். ஆனால் உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பகிர்ந்துகொள்ளும். ஒரே ஒரு ரேம் மட்டும் செருகி விற்கும் லேப்டாப்பில் தரவு பாயும் வழி பாதியாகிவிடும். ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி நல்லது. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் பிறகு கூட்ட முடியாது என்பதால், 16 ஜிபிக்குக் குறைந்ததைத் தொடவே வேண்டாம்.

இதே பணத்துக்கு டெஸ்க்டாப் வாங்கினால் வேகம் அதிகம் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை அதை வகுப்புக்குத் தூக்கிப் போக முடியாது. படிக்க வாங்கும் கருவியில் கேம் எதற்கு என்று பெற்றோர் கேட்பதும் நியாயமான கேள்விதான். வீடியோ எடிட்டிங்குக்கும் பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களுக்கும் கைகொடுப்பது அதே கிராபிக்ஸ் சிப்தான். கேமுக்காகக் கொடுக்கும் பணம் கேமோடு முடிந்துவிடுவதில்லை. வாட் கூடினால் சூடும் கூடும் என்ற எச்சரிக்கையும் சரியே. வாட் இரட்டிப்பானால் வேகம் இரட்டிப்பாகாது. ஓர் அளவுக்கு மேல் ஃபேன் இரைச்சல்தான் மிஞ்சும். மெல்லிய லேப்டாப்பில் குறைந்த வாட் வைப்பது குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு.

வாட் கணக்கெல்லாம் சாதாரண மக்களுக்குப் புரியாது என்ற சாக்கை ஏற்கவே முடியாது. மிக்ஸி வாங்கப் போனால் 500 வாட்டா, 750 வாட்டா என்று கேட்டு வாங்கும் வீடுகள் இவை. கிராபிக்ஸ் சிப்பின் உச்ச வாட் அளவையும், ரேம் ஒன்றா இரண்டா என்பதையும் பெட்டியின் மேலேயே அச்சிடும்படி அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத கடையில் பணம் கட்டாதீர்கள்.