கைப்பிடியோ தாழோ?

மோட்டார் வண்டியை உடையார் பலர் அதன் எஞ்சினைப்பற்றிச் சிறிதேனும் அறிய விழைவர். சக்கரத்தைப்பற்றியும் பிரேக்கைப்பற்றியும் பேசுவர். கதவைப்பற்றி நினைப்பார் மிகச் சிலரே. நாடோறும் பன்முறை பற்றி இழுக்கப்படும் உறுப்பு அதன் கைப்பிடி. ஆயினும் அஃது ஒருநாள் முறிந்து கையோடு வரும்வரை அப்படி ஒன்று உண்டென்பதே நம் நினைவிற்கு வருவதில்லை. முறிந்தபின் இருவகை அறிவுரை எழும். ‘பட்டறைக்கு விடுக; இஃது உன் வேலை அன்று’ என்பார் ஒரு சாரார். ‘ஒரு கைப்பிடிதானே! கடையில் வாங்கி மாலைக்குள் மாட்டிவிடலாம்’ என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் குறையுடையன என்பதே எம் கருத்து. உரியவன் தன் கையாலேயே மாற்றிக்கொள்வது தக்கதுதான். ஆயின் அவன் தொடுவது கைப்பிடி ஒன்றை மட்டுமன்று, அதனோடு கோத்த ஒரு தொடர் முழுவதையும் என்பதை அறிந்து தொடவேண்டும். அறியாது செய்தார்க்கு நேரும் இடர் பொருளிழப்போடு நில்லாது. வண்டிக்குள் அமர்ந்தாரைச் சிறைப்படுத்துமளவும் செல்லும்.

கதவின் அகத்தே உள்ளவற்றைச் சிறிது காண்போம். கதவின் பின்விளிம்பில், இரும்புத் தகட்டுக்குள் மறைந்து நிற்பது தாழ். தொழிலாளர் இதனை ‘டோர் லாக்’ என்பர். தாழ் என்னும் நல்ல பழஞ்சொல் இருக்கவும் தமிழ் பயிலும் நாமே அதனை வழங்கக் கூசுகின்றோம், அது கிடக்க. இத்தாழினுள் கவைபோன்ற நாக்கு ஒன்று உண்டு. கதவு அடைபடும்போது, வண்டியின் நிலையிற் பொருத்திய வளையம் இக்கவையிற் புகுந்து அதனைச் சுழற்றும். சுழன்ற கவை மீளாதபடி சிறு கொக்கி ஒன்று வில்லின் விசையால் வந்து தடுக்கும். கதவைத் திறத்தலாவது அக்கொக்கியை விலக்குதலே. அதனை விலக்க இரு வழிகள் உள. புறக் கைப்பிடியிலிருந்து ஒரு கம்பியோ, சில வண்டிகளில் உறையிட்ட கேபிளோ தாழுக்குச் செல்லும்; அகக் கைப்பிடியிலிருந்து மற்றொன்று செல்லும். கம்பியின் நுனியைத் தாழின் நெம்போடு பிணித்து நிற்பது நகத்தளவான பிளாஸ்டிக் கிளிப்பு ஒன்று. அக்கிளிப்பு நழுவினால் கைப்பிடி எத்துணை உயர்ந்ததாயினும் பயனில்லை.

ஆதலின் புதுக் கைப்பிடி வாங்கப் புறப்படுமுன், பழுது எவ்வழியில் உள்ளதென்று ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்குத் திருப்புளியும் வேண்டா. உள்ளிருந்து கதவு திறக்கின்றது, புறத்திருந்து திறக்கவில்லை எனின், தாழ் பெரும்பாலும் நலமாயிருக்கின்றது. புறக் கைப்பிடியோ, கம்பியோ, கிளிப்போ பழுதுற்றிருக்கும். புறத்திருந்து திறந்து உள்ளிருந்து திறவாதது பின்கதவாயின், முதலிற் பார்க்கவேண்டுவது கதவின் விளிம்பிலுள்ள ‘சைல்டு லாக்’ என்னும் சிறு நெம்பு. ஓடும் வண்டியிற் குழந்தைகள் கதவைத் திறந்துவிடாதபடி அகக் கைப்பிடியைச் செயலறச் செய்வது அது. துணியால் விளிம்பைத் துடைக்கும்போதும் அஃது இடம் மாறிவிடக்கூடும். இதனை அறியாது கதவின் உட்பலகையைப் பிரிக்கத் தொடங்குவாரை என் சொல்வது! இருபுறத்தும் திறவாதெனின், வண்டி பூட்டிய நிலையில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின், தாழின்மீதே ஐயம் செல்லவேண்டும். அந்நிலையிற் புதுக் கைப்பிடி வாங்குதல் பல்வலிக்குச் செருப்பு மாற்றுதலை ஒக்கும்.

இன்னொன்றும் உண்டு. தாழிலிட்ட பழைய கிரீஸ் தூசியோடு கலந்து இறுகினால் கைப்பிடி கனக்கும். அக்கனத்தை வெல்ல நாளும் வலிந்து இழுப்பதனாலேயே கைப்பிடி முறிவது உண்டு. முறிந்ததைக் கண்டார் முறிவித்ததைக் காணாது புதியதை மாட்டுவர். சில திங்களில் அதுவும் முறியும். ‘கடைக்காரன் போலியைத் தந்தான்’ என்று பழி அவன்மேற் செல்லும். பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது இட்டிருந்தால் இப்பழிக்கு இடமிராது.

மாற்றும் வேலையை முழுவதும் விரித்துரைக்க யாம் புகவில்லை. அது வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் கதவின் விளிம்பில் ரப்பர் மூடிக்குள் மறைந்த ஒரு திருகைத் தளர்த்தினாற் கைப்பிடி புறத்தே வந்துவிடும். அத்திருகைத் தளர்த்துவதன்றி முழுதும் கழற்றுதல் கூடாது. பிறவற்றில் உட்பலகையை எடுத்தே தீரவேண்டும். தொழிலாளர் ‘டோர் பேட்’ என்பது இதனையே. எடுக்குமுன் கண்ணாடியை முழுவதும் மேலேற்றிக்கொள்க. பக்கக் காற்றுப்பை உடைய வண்டியாயின், மின்கலத்தின் இணைப்பை அகற்றிக் கையேடு கூறும் நேரமளவும் பொறுத்த பின்னரே கைவைக்க. உட்பலகைக்குப் பின்னே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் குப்பையென்று கிழித்தெறிவார் உளர். மழைநீர் கண்ணாடியின் வழியே கதவுக்குள் இறங்கி அடியிலுள்ள துளைகளால் வெளியேறும். அந்நீர் வண்டிக்குள் வாராமற் காப்பது அத்தாளே. கதவினுள் எழும் காற்றழுத்தத்தால் மோதலை உணர்ந்து காற்றுப்பையை விரிக்கும் வண்டிகளும் உள. அவற்றில் அத்தாளுக்கு வேறொரு கடமையும் உண்டு. எனவே அதனைப் பொறுமையாய் உரித்துப் பொறுமையாய் மீள ஒட்டுக.

இனி, புதுக் கைப்பிடி மாட்டியபின் எழும் குறைகளுட் கருதத்தக்கது கம்பியின் அளவு. பல வண்டிகளில் அக்கம்பியின் நுனியில் மரையிட்டுக் கூட்டவும் குறைக்கவும் இடம் வைத்துள்ளனர். கம்பி தளர்ந்திருந்தால், கைப்பிடி முழுவதும் வந்தும் கொக்கி விலகாது; கதவு திறவாது. கம்பி இறுகியிருந்தால், கைப்பிடியைத் தொடாதபோதும் கொக்கி பாதி விலகியே நிற்கும். கதவு பிடிக்காது, அன்றிப் பிடித்ததுபோற் காட்டி ஓட்டத்தில் விட்டுவிடும். இரண்டனுள் பின்னையதே கொடிது. திறவாத கதவு தன் குறையை உடனே அறிவிக்கின்றது. பிடிக்காத கதவோ வளைவொன்றிற் பிள்ளை சாய்ந்திருக்கும்போது அறிவிக்கும்.

ஆதலால் யாம் வற்புறுத்த விழைவது ஒன்று. கதவைத் திறந்துவைத்தபடியே, அதனை அடைக்காமல், தாழைச் சோதிக்க. திருப்புளியின் தண்டினால் கவையை உள்நோக்கி அழுத்துக. இருமுறை ‘டக்’கென்று ஓசையெழும். முதல் ஓசை அரைப்பிடி, இரண்டாவது முழுப்பிடி. இப்போது கதவு அடைபட்டதாகவே தாழ் கொள்ளும். பின்னர்ப் புறக் கைப்பிடியை இழுக்க. கவை துள்ளி மீளவேண்டும். மீண்டும் அழுத்தி அகக் கைப்பிடியை இழுக்க, அப்போதும் மீளவேண்டும். சாவியாற் பூட்டியும் திறந்தும் ஒருமுறை பார்க்க. உட்பலகையைப் பொருத்திய பின்னரும் இவ்வளவையும் மறுபடி செய்க. பலகை கேபிளை நெருக்கிவிடுதல் உண்டு. இத்தனையும் ஒத்துவந்த பின்னரே கதவை அடைக்கலாம்.

இத்துணைக் கண்டிப்பு எற்றுக்கு எனின், கைப்பிடிகள் இரண்டும் செயலற்ற நிலையிற் கதவு அடைபட்டுவிட்டால், உட்பலகையைக் கழற்றுவதற்குரிய இடமே அடைபட்டுவிடுகின்றது. விளிம்பிலுள்ள திருகுகளைக் கை எட்டாது. பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்து அடைத்தவன் நிலையே அவன் நிலை. கைதேர்ந்த பட்டறையாரும் அந்நிலையில் எதையேனும் உடைத்தே உட்புகவேண்டி நேரும். கவையைத் திருப்புளியால் அழுத்திப் பார்க்க ஆகும் காலமோ இரண்டு நிமிஷம்! இச்சோதனையைச் சொல்லாது, கைப்பிடி பளபளவென்று பொருந்தியதைக் காட்டுவதோடு முடியும் காணொளிகளை யாம் மெச்சமாட்டோம்.

மற்றொரு வழக்கத்தையும் கண்டிக்காமல் இருக்க எம்மால் இயலவில்லை. ஓட்டுவான் கதவின் கைப்பிடி முறிந்தால் அன்றே மாற்றுவர். பின்னிருக்கைக் கதவினது முறிந்தாலோ, ‘மறுபுறமாய் ஏறிக்கொள்’ என்று கூறி மாதக்கணக்கில் விட்டுவிடுவர். பின்னிருக்கையில் அமர்வார் யாவர்? பாட்டியும் பிள்ளைகளும். வண்டி மோதி, உள்ளிருப்பார் மயங்கிக் கிடக்கும் வேளையில், உதவிக்கு ஓடிவருவார் பற்றி இழுப்பது புறக் கைப்பிடியைத்தான். வண்டி நீரில் இறங்கிய வேளையிற் பிள்ளை பற்றுவது அகக் கைப்பிடியை. சைல்டு லாக்கு அமைந்த கதவில் அக்கைப்பிடியும் பயன்படாது. புறக் கைப்பிடி ஒன்றே வழி. அவ்வொன்றும் முறிந்து கிடக்க விடுவது எங்ஙனம் சிக்கனமாகும்? முன்கதவினும் பின்கதவே முந்தித் திருத்தத்தக்கது என்பது எம் துணிபு.

பட்டறைக்கே விடுக என்பார்க்கும் ஒன்று கூறுவோம். தாழே முறிந்தவிடத்தும், காற்றுப்பையின் கம்பிகளைத் தொடவேண்டியவிடத்தும் அவர் சொல் ஏற்கத்தக்கது. ஏனைய இடங்களில், உரியவன் செய்துகொள்ளுமாறு பொருள் செய்வார் இடம் தரவில்லை என்பதே பெருங்குறை. இந்தியாவின் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் உற்பத்தியாளர்மீது 2,544 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. உதிரி உறுப்புகளையும் பழுதறியும் கருவிகளையும் பொதுச்சந்தையிற் கிடைக்கவிடாது தடுத்தனர் என்பதே குற்றம். தண்டத்தை எதிர்த்து அவர்கள் மேல்வழக்காடினர். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்தே வண்டி பழுதுபார்க்கும் உரிமையைக் கேட்டனர். நம் நடுவணரசின் நுகர்வோர் துறையும் 2022 டிசம்பரில் அவ்வுரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது.

எனினும் நகத்தளவான அக்கிளிப்பைத் தனியே விற்பார் அரியர். அஃதொன்று முறிந்ததற்காகக் கைப்பிடி முழுவதையும், சில வண்டிகளில் தாழ் முழுவதையும், விலை கொடுத்து வாங்கவேண்டியிருக்கின்றது. கிளிப்பைத் தனியே விற்று, அதன் எண்ணையும், கம்பிக்கு வைக்கவேண்டிய தளர்ச்சியின் அளவையும், தாழைத் திறந்தபடி சோதிக்கும் முறையையும் கையேட்டில் அரைப்பக்கம் அச்சிட்டால், பாட்டுப்பெட்டியின் பொத்தான்களை விளக்கும் பக்கங்களில் ஒன்றைக் குறைத்தாலே இடம் போதும்.