கடைக்கு நாம் கொடுக்கும் கடன்



கல்யாணம் முடிந்த மறுநாள், அலுப்புத் தீராத வீட்டில் மொய்க் கணக்கு எழுதும் வேலை நடக்கும். ஒருவர் கவரைப் பிரித்துப் பெயரையும் தொகையையும் வாசிக்க, இன்னொருவர் நோட்டில் எழுதிக்கொண்டே வருவார். இப்போதெல்லாம் அந்தக் குவியலில் நாலைந்து பிளாஸ்டிக் கார்டுகளும் சேர்ந்து வருகின்றன. அண்மையில் ஒரு வீட்டில் அப்படி ஒரு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெரியவர், "இதை எவ்வளவுன்னு எழுதுறதுப்பா?" என்று கேட்டார். முன்பக்கம் ரோஜாப்பூவும் கடையின் பெயரும். பின்பக்கம் நீளமான ஓர் எண், சுரண்டிப் பார்க்க ஒரு சாம்பல் நிறப் பட்டை, பொடி எழுத்தில் ஆங்கில நிபந்தனைகள். தொகை எங்கேயும் இல்லை. அதைக் கையால் எழுதியிருந்த சின்ன உறை, காலையில் கூட்டிப் பெருக்கியபோது குப்பையோடு போய்விட்டது.

தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாட்கள் என்று எப்போதும் நம் கையில் கிஃப்ட் கார்டுகள் புழங்குகின்றன. அதே கடைகளின் பில் கவுன்ட்டரில், கடையின் பெயர் போட்ட கிரெடிட் கார்டை எடுத்துக்கொள்ளச் சொல்லியும் கேட்கிறார்கள். இரண்டையும் பற்றி வாசகர்களோடு கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

ஒரு கடையின் கிஃப்ட் கார்டை வாங்கும்போது நாம் பொருள் எதையும் வாங்குவதில்லை. பணத்தை முதலில் கொடுத்துவிடுகிறோம். பொருளைக் கடை பிறகு தரவேண்டும். அதாவது, கடைக்கு வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுக்கிறோம். கடையின் கிரெடிட் கார்டை வாங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே கடன் வாங்குவது நாம். கைமாற்றுக் கொடுக்கும்போதும் கடன் வாங்கும்போதும் நம் வீடுகளில் எத்தனை கேள்வி கேட்போம்! ஆள் எப்படி, எப்போது திரும்பி வரும், வட்டி எவ்வளவு, சாட்சி யார் என்றெல்லாம் விசாரிப்போம். ரோஜாப்பூப் படமும் "இன்றே ஐந்நூறு ரூபாய் தள்ளுபடி" என்ற அட்டையும் முன்னால் இருந்தால், அந்தக் கேள்விகள் நமக்குத் தோன்றுவதே இல்லை. என் கவலை இதுதான்.

கைமாற்று என்று நான் சொல்வது மிகையல்ல. கல்யாண் ஜுவல்லர்ஸ் நிறுவனத்தின் ஜிஎஸ்டி வழக்கில் 2023 நவம்பரில் தீர்ப்புச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றம், கிஃப்ட் வவுச்சரைச் சட்டப்படி கோரிப் பெறத்தக்க ஓர் உரிமையாகவே பார்த்தது. 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலும், வவுச்சர் பரிவர்த்தனை பொருள் விற்பனையும் ஆகாது, சேவையும் ஆகாது என்று தெளிவாக்கியது. ஆகவே ஆயிரம் ரூபாய் கார்டுக்கு ஆயிரம் ரூபாய்தான் கொடுக்கவேண்டும். வரி, பின்னால் அதைக் கொடுத்துப் புடவையோ சட்டையோ எடுக்கும்போது அந்தப் பொருளுக்கு வரும். கார்டு வாங்கும்போதே அதன் மதிப்பின் மேல் ஜிஎஸ்டி என்று பில்லில் ஒரு வரி இருந்தால், எதற்கு என்று கேளுங்கள்.

அடுத்து, இந்தக் கைமாற்றை வாங்கியது யார் என்று பார்க்கவேண்டும். கார்டின் பின்பக்கத்தில் "வழங்குபவர்" என்ற இடத்தில் வங்கியின் பெயரோ, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனத்தின் பெயரோ இருந்தால், உங்களுக்குப் பின்னால் விதிகள் நிற்கின்றன. ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, அப்படிப்பட்ட ஒரு கிஃப்ட் கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் போடக்கூடாது. மறுபடி பணம் ஏற்றவும் முடியாது, ரொக்கமாக எடுக்கவும் முடியாது. குறைந்தது ஓராண்டாவது அது செல்லவேண்டும். காலாவதிக்கு முந்தைய 45 நாளில் எஸ்எம்எஸ் மூலமோ மின்னஞ்சல் மூலமோ நினைவூட்டவேண்டும். (கார்டை வாங்கியவரின் எண்ணுக்கு அந்த எஸ்எம்எஸ் போய்விட்டால், பரிசு பெற்றவருக்குத் தெரியாமலே தேதி கடந்துவிடும். பரிசளிப்பவர் அந்தத் தேதியைச் சொல்லிக் கொடுப்பது நல்லது.) காலாவதியான பிறகு மீதித் தொகையைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்கு அந்த நிறுவனம் தன் லாபக் கணக்கில் சேர்க்கவும் கூடாது. கார்டு வைத்திருப்பவர் பிறகு வந்து கேட்டாலும் பணத்தை வங்கிக் கணக்குக்குத் திருப்பித் தரவேண்டும். தேதி போய்விட்டது என்று சொல்லிக் கார்டைக் கத்தரித்துப் போட்டவர்கள் எத்தனை பேர்!

கடையே அச்சிட்டு, அந்தக் கடையில் மட்டும் செல்லும் கார்டு வேறு வகை. ரிசர்வ் வங்கி அதைத் தன் அனுமதி தேவைப்படும் பட்டியலில் வைக்கவில்லை. ஆகவே மேலே சொன்ன பாதுகாப்புகள் அதற்குத் தாமாக வந்துவிடாது. ஆறு மாதம்தான் செல்லும் என்று போட்டிருக்கலாம். ஒரே பில்லில் தீர்க்கவேண்டும், மீதி திரும்ப வராது, தள்ளுபடி விற்பனையில் செல்லாது, தங்க நாணயத்துக்குச் செல்லாது, வேறு ஊர்க் கிளையில் செல்லாது என்றெல்லாமும் இருக்கலாம். கல்யாணப் பரிசாகச் சென்னையில் வாங்கிய கார்டு, தென்காசியில் இருக்கும் பெண்ணுக்கு எந்தக் கடையில் பயன்படும் என்பதை வாங்குகிறவர்தான் யோசிக்கவேண்டும். இதையெல்லாம் கவுன்ட்டரில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பணம் நம்முடையது.

கடை நொடித்தால்? இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. கடை மூடி, விவகாரம் திவால் நடவடிக்கைக்குப் போனால், வங்கிக் கடன்களும் ஊழியர் சம்பளமும் முன்வரிசையில் நிற்கும். ஈடு எதுவும் வாங்காமல் பணம் கொடுத்த நாம் வரிசையின் பின்னால்தான் நிற்போம். அமெரிக்காவில் பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற பெரிய வீட்டுப்பொருள் கடைத்தொடர் 2023 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தபோது, கிஃப்ட் கார்டுகளை மே 8-ஆம் தேதி வரைதான் வாங்கிக்கொண்டது. கிஃப்ட் கார்டு ஐந்தாண்டுகளாவது செல்லவேண்டும் என்று 2009-இலேயே சட்டம் போட்ட நாடு அது. நம் ஊரிலும் நகைச் சீட்டுக் கட்டிய பிறகு, ஒருநாள் காலையில் கடை ஷட்டர் முன்னால் பாஸ்புக்கோடு நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறோம். கிஃப்ட் கார்டில் தொகை சிறியது, அவ்வளவுதான் வேறுபாடு. அதனால் கார்டு கையில் வந்தால் நல்ல நாளுக்கென்று பூட்டி வைக்காதீர்கள். சீக்கிரம் போய்த் தேவையானதை வாங்கிவிடுங்கள்.

கார்டு தொலைந்தால் பெரும்பாலும் பணம் தொலைந்த மாதிரிதான். முன்னும் பின்னும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வாங்கியபோது கொடுத்த பில்லையும் அதோடு வையுங்கள். பில் போடும்போது கார்டுக்கு உயிர் கொடுத்தார்களா என்பதற்கு அந்தப் பில்தான் சாட்சி. சுரண்டும் பட்டை முன்னமே சுரண்டியிருந்தாலோ, மேலே இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ அந்தக் கார்டை வாங்க வேண்டாம்.

கடைகள் தரும் கிரெடிட் நோட்டும் இதே குடும்பம்தான். எடுத்த சுடிதார் அளவு சரியில்லை என்று கொண்டுபோனால், பணம் தரமாட்டோம், ஒரு மாதத்துக்குள் வேறு எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். பொருளில் குறை இல்லை, நமக்குத்தான் பிடிக்கவில்லை என்றால் அது கடையின் பெருந்தன்மை; வாங்கிக்கொள்ளலாம். பொருளே பழுது என்றால் நிலைமை வேறு. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், பில்லில் ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம். "ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று சுவரில் எழுதிவைத்தாலும் பழுதான பொருள் விஷயத்தில் அது செல்லாது. இன்னொன்று: அந்தச் சீட்டு பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வழவழப்புத் தாள். கோடை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்தால், சில வாரங்களிலேயே எழுத்து மறைந்து வெறும் தாள்தான் மிஞ்சும். கையில் வாங்கியதுமே படம் எடுத்துவிடுங்கள்.

இனி கிரெடிட் கார்டு. சனிக்கிழமை மாலை, பின்னால் பத்துப் பேர் நிற்கும் வரிசையில், "மேடம், நம்ம கார்டு எடுத்துக்கிட்டா இந்தப் பில்லுக்கே தள்ளுபடி உண்டு, ஆதார் இருந்தா போதும், ரெண்டே நிமிஷம்" என்று அந்தப் பெண் கேட்பார். அவருக்கு மாத இலக்கு இருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கடன் வாங்கும் முடிவை எடுக்கும் இடம் அந்த வரிசை அல்ல. அப்போது உங்கள் செல்பேசிக்கு ஓர் ஓடிபி வரும். எதற்கான ஓடிபி என்று அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே எழுதியிருக்கும். அதை முழுதாகப் படிக்காமல் எண்ணைச் சொல்லாதீர்கள். சில சமயம் அந்த எண்தான் உங்கள் கையெழுத்து.

கடையின் பெயர் பெரிதாக இருந்தாலும் அந்தக் கார்டைத் தருவது பெரும்பாலும் ஒரு வங்கி. கடையின் வேலை அதை விளம்பரப்படுத்துவதும் விநியோகிப்பதும்தான் என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் வரையறுக்கின்றன. நாம் என்ன வாங்குகிறோம் என்ற பரிவர்த்தனை விவரங்களைக் கடை பார்க்கக்கூடாது என்றும் அவை சொல்கின்றன. சிக்கல் வந்தால் கடை மேனேஜரிடம் போய்ப் பயனில்லை, வங்கியிடம்தான் போகவேண்டும். நாம் கேட்காமல் கார்டு அனுப்புவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

வட்டியை மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 ரூபாய்க்குத் தீபாவளி ஜவுளி எடுத்தாயிற்று. பில் வந்தபோது "குறைந்தபட்சத் தொகை 1,000" என்று பார்த்து, அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாகிறோம். பல கார்டுகளில் மாத வட்டி மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். 20,000-க்கு ஒரு மாத வட்டி 700 ரூபாய். வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். ஆக, கட்டிய ஆயிரத்தில் 826 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய், அசலில் 174 ரூபாய்தான் கழிகிறது. முழுத்தொகையைக் கட்டாதபோது வட்டி, கெடு தேதியிலிருந்து ஓடாது. பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். மறுமாதம் அதே கார்டில் மளிகை வாங்கினாலும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. ஆண்டுக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் போகும் இந்த வட்டியை, முப்பதைத் தாண்டக்கூடாது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் கட்டுப்படுத்தப் பார்த்தது. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. இனி நம்மைக் காப்பது ஒன்றே ஒன்றுதான்: கெடுவுக்குள் முழுத்தொகையைக் கட்டுவது. அது முடிகிறவர்களுக்கு இந்தக் கார்டு உண்மையிலேயே லாபம்; எடுத்துக்கொள்ளலாம் என்றே சொல்வேன். முடியாதவர்களுக்கு ஐந்நூறு ரூபாய் தள்ளுபடி ஒரே மாத வட்டியில் கரைந்துவிடும்.

எடுத்தபின் வேண்டாம் என்று தோன்றினால், பாக்கியைத் தீர்த்துவிட்டு எழுத்தில் கேளுங்கள். ஏழு வேலை நாளுக்குள் கார்டை மூடவேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தரவேண்டும். கத்தரித்துக் குப்பையில் போட்டால் கார்டு மூடிவிடாது. ஆண்டுக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

ஒரு மோசடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேலதிகாரியின் படத்தை வைத்த வாட்ஸ்அப் எண்ணிலிருந்து, "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது. உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணையும் பின்னையும் அனுப்பு" என்று செய்தி வரும். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பிள்ளைகள், மறுத்தால் தப்பாகிவிடுமோ என்று பயந்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். எண் போனால் பணம் நிமிடத்தில் போய்விடும். காவல்துறையோ, வருமான வரித் துறையோ, மின்வாரியமோ கிஃப்ட் கார்டாகப் பணம் கேட்பதே இல்லை. உங்கள் வீட்டில் புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் இன்றைக்கே இதைச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

கடைமீது குறை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வங்கியோ, அனுமதி பெற்ற கார்டு நிறுவனமோ என்றால் முதலில் அவர்களுக்கே எழுதி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்