வெளியூரார் காத்த மரபு

இங்கிலாந்தின் கொற்ஸ்வோல்ட் குன்றுகளிடையே சிப்பிங் கம்டன் என்றொரு சிறு நகரம் உண்டு. 'சிப்பிங்' என்பது சந்தையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. ஆட்டுரோம வணிகத்தால் செழித்த ஊர் இது. 1401 இல் மறைந்த கம்பளி வணிகர் வில்லியம் கிரெவலின் வீடு பெருந்தெருவில் இன்றும் நிற்கின்றது.

தேன்நிறக் கல்லாலான சந்தை மண்டபமே இந்நகரின் அடையாளம். வெண்ணெயும் பாற்கட்டியும் கோழியும் விற்போர் மழைக்கு ஒதுங்குவதற்காக 1627 இல் எழுப்பப்பட்டது. கட்டுவித்த சேர் பப்ரிஸ்ற் ஹிக்ஸ், இலண்டனில் பட்டு வணிகத்தால் பொருளீட்டியவர். 1940களில் இம்மண்டபம் அந்நியர் ஒருவருக்கு விலைபோகவிருந்தபோது, ஊர்மக்கள் பணம் திரட்டி அதனை வாங்கித் தேசிய மரபுரிமை அறக்கட்டளையிடம் ஒப்படைத்தனர்.

1902 இல் சி. ஆர். ஆஷ்பி என்னும் கட்டடக் கலைஞர், கிழக்கு இலண்டனிலிருந்து தமது கைவினைஞர் சங்கத்தைக் குடும்பங்களோடு இங்கே குடியேற்றினார். பழைய பட்டாலை ஒன்று அவர்களின் பட்டறையாயிற்று. சில ஆண்டுகளிலேயே சங்கம் நொடித்துப்போயிற்று. ஆயினும் கைவினைஞர் சிலர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஹார்ட் குடும்பத்தாரின் வெள்ளிவேலை அதே ஆலையில் தலைமுறைகளாகத் தொடர்கின்றது. பின்னர் வந்து குடியேறிய ஓவியர் கிறிக்ஸ், பழைய கட்டடங்களைக் காக்க 1929 இல் ஓர் அறக்கட்டளை அமைய முன்னின்றார்.

நம்மவர் ஒருவரின் சுவடும் இங்கே உண்டு. அருகிலுள்ள புறோட் கம்டன் சிற்றூரில், ஆஷ்பி புதுப்பித்துக் கொடுத்த 'நோமன் சப்பல்' இல்லத்தில் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி வாழ்ந்தார். 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவரது பெருநூல் 1908 இல் அங்கேதான் அச்சேறியது. வெளிவந்தவை 425 பிரதிகள் மட்டுமே. கண்டிச் சிற்பாசாரியரின் தொழில் நுணுக்கங்களை ஊரூராகத் தேடிப் பதிவுசெய்து, அழியாது காத்தவர் சேர் முத்து குமாரசுவாமி என்ற தமிழரின் மைந்தர்.

இலங்கையில் இன்று ஒரு கல்லைக் கண்டெடுத்தாலும், அது யாருடையது என்ற வழக்கே முதலில் எழுகின்றது. அதனை யார் பேணுவார் என்ற வினா எழுவதில்லை. கம்டனின் மரபை உள்ளூராரும் வந்து குடியேறியோரும் சேர்ந்தே காத்தனர். சிங்களக் கலையின் மரபைத் தமிழர் ஒருவர் நூலாக்கினார். பிறப்பால் வருவது உரிமை மட்டுமே. பேணுவோர் இல்லையெனில் அவ்வுரிமைக்கு எஞ்சுவது வெறும் இடிபாடுதான்.

கொற்ஸ்வோல்ட் பக்கம் செல்லும் தமிழர்கள் சந்தை மண்டபத்தின் முன் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், புறோட் கம்டன் வரை ஒருமுறை நடந்து வருவார்களாக.