வாடகைக்கு இருப்பவர்களும் தெருக்காரர்கள்தானே!



மார்கழி பாதி ஓடிவிட்டது. சென்னையில் பல தெருக்களில் இப்போது யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பொங்கல் விழாவுக்கு ஷாமியானா யாரிடம் சொல்வது, மைக் செட்டுக்கு எவ்வளவு, கோலப் போட்டிக்கு நடுவராக யாரைக் கூப்பிடுவது, பரிசுக்கு டிபன் பாக்ஸா ஹாட்பேக்கா என்று பேச்சு ஓடும். குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு இது பரபரப்பான சீசன்.

இந்த விழாக்களைப் பற்றிச் சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. 'ரோட்டில் பள்ளம் அப்படியே கிடக்கிறது, இவர்கள் கோலப் போட்டி நடத்துகிறார்களே' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோலப் போட்டி நடக்கும் தெருவை விடிகாலையில் போய்ப் பாருங்கள். ஐந்து மணிக்கே யாரோ சம்ப்பிலிருந்து ஹோஸ் பிடித்து ரோட்டைக் கழுவிவிட்டிருப்பார்கள். நிறுத்தியிருந்த டூவீலர்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி, சாக்பீஸால் நாலுக்கு நாலு அடி கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் நம்பர் எழுதியிருப்பார்கள். பதினேழாம் நம்பர்காரருக்குப் பச்சைப் பொடி தீர்ந்துபோகும். பதினெட்டாம் நம்பர்காரர் தன் டப்பாவை நகர்த்தி வைப்பார். அதுவரை அந்த இரண்டு வீட்டாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். மறுநாளிலிருந்து பால் பாக்கெட் வாங்கப் போகும்போது ஒரு சிரிப்பாவது இருக்கும்.

அந்தச் சிரிப்பின் மதிப்பு டிசம்பர் மழையில்தான் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், முடிச்சூர், வேளச்சேரி மக்கள் பட்டதை மறக்க முடியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, பால் இல்லை. போன் சார்ஜ் தீர்ந்த பிறகு எந்த ஹெல்ப்லைன் நம்பரும் உதவாது. கிரவுண்ட் ஃப்ளோரில் தனியாக இருக்கும் பெரியவரை மாடிக்கு ஏற்ற வேண்டும், இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பால்பவுடர் கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் செய்ய, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த அக்கம்பக்கத்தார்தான் வேண்டும்.

நம் நகரத்துச் சங்கங்கள் சாதித்தது கொஞ்சமா என்ன? 1989-ல் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பை மூத்த வாசகர்கள் நினைவு வைத்திருப்பீர்கள். தெருமுனைத் தொட்டி நிரம்பி வழிந்த காலம் அது. தெருவாசிகளே மாதச் சந்தா போட்டு, ஒரு தொழிலாளிக்குச் சம்பளம் கொடுத்து, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அந்தத் தொழிலாளிக்கு 'தெரு அழகுபடுத்துநர்' என்று மரியாதையாக ஒரு பெயரும் கொடுத்தார்கள். வீடு தேடி வந்து குப்பை வாங்குவதை இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அதைப் பழக்கியவர்கள் தெருக்காரர்கள்.

2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, குழாய் எங்கே திருப்புவது, கிணற்றில் விடலாமா என்று வீடு வீடாகப் போய் விளக்கியவர்களில் சங்கத்துக்காரர்கள் பலர். 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னையில் கவுன்சிலரே கிடையாது! தெருவிளக்கு எரியாவிட்டாலும் கழிவுநீர் பொங்கினாலும், உதவிப் பொறியாளர் (ஏ.இ.) ஆபீஸ் வாசலில் மனுவோடு நின்றவர்கள் சங்கத்துச் செயலாளர்களும் பொருளாளர்களும்தான். பெரும்பாலும் ரிட்டையர் ஆனவர்கள். சம்பளமில்லாத வேலை, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்கிறேன்.

உங்கள் தெருச் சங்கத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் உறுப்பினர்களா?

பல இடங்களில் இல்லை என்பதுதான் பதில். சில சங்கங்கள் பைலாவிலேயே 'வீட்டு உரிமையாளர்கள்' என்று எழுதி வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் எழுத்தில் இல்லாவிட்டாலும் வழக்கத்தில் அப்படித்தான். வாட்ஸ்அப் குரூப்பில் ஓனர்கள் மட்டும். கூட்டத்துக்கு நோட்டீஸ் ஓனர்களுக்கு மட்டும். ஓனர் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருப்பார். 'நாளை காலை மெட்ரோ வாட்டர் வராது' என்ற மெசேஜ் அவருக்கு அங்கே போய்ச் சேரும். அவர் வீட்டு மாடி போர்ஷனில் இரண்டு குழந்தைகளோடு இருக்கும் குடும்பம், காலையில் குழாயைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

இது ஒருவர் மேல் ஒருவருக்கு உள்ள விரோதத்தால் வந்ததல்ல. சங்கம் ஆரம்பித்த காலத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர்களே அங்கே குடியும் இருந்தார்கள். இப்போது அந்தத் தனி வீடுகள் எத்தனையோ மூன்று மாடியாக, ஆறு போர்ஷனாக மாறிவிட்டன. தெருவில் ஆட்கள் மாறிவிட்டார்கள், உறுப்பினர் பட்டியல் மட்டும் பழையபடியே இருக்கிறது.

'பதினோரு மாத அக்ரிமென்ட்டில் இருப்பவர்கள், நாளைக்கே காலி பண்ணிப் போய்விடுவார்களே' என்று ஒரு வாதம் வரும். யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினோரு மாதத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து, பிள்ளை எல்.கே.ஜி.யில் சேர்ந்ததிலிருந்து பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! சரி, ஒரே வருஷம்தான் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் முழுக்க அவர்கள் வீட்டுக் குப்பையும் அதே வண்டியில்தானே போகிறது? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசை கட்டியபோது, அந்த வரிசையில் அவர்களும்தானே நின்றார்கள்?

இதில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதை உறுதி செய்யும் பொறுப்பு குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் தரப்பட்டது. மட்கும் குப்பை ஒரு வாளி, மட்காத குப்பை ஒரு வாளி. ஓனர் வீடுகள் மட்டும் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? மாடி போர்ஷனிலிருந்து ஒரே கேரி பேகில் சாம்பார் சாதமும் பால் கவரும் டயாபரும் சேர்ந்து வரும். தூய்மைப் பணியாளர் அதைக் கையால் கிளற வேண்டும். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், அவர்களிடம் யாராவது போய்ச் சொன்னோமா என்று கேட்க வேண்டாமா?

சட்டம் தடுக்கிறதா? 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரிடமும் அந்தச் சட்டம் வீட்டுப் பத்திரம் கேட்பதில்லை. யார் உறுப்பினர் என்பதை பைலாதான் சொல்கிறது. பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் பைலாவைத் திருத்தலாம். அடுக்குமாடி உரிமையாளர் சங்கங்களின் விஷயம் வேறு. அவற்றுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. லிஃப்ட் மாற்றுவது, கட்டடத்தையே இடித்துக் கட்டுவது போன்ற முடிவுகள் சொத்துக்காரர்களுடையவை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கேயும்கூட விழாக் கமிட்டியிலும் தண்ணீர், குப்பை பற்றிப் பேசும் கூட்டத்திலும் வாடகைதாரர் உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அரசாங்கம் இந்த விஷயத்தில் ஓர் அடி முன்னால் போய்விட்டது. நகரங்களில் வார்டு கமிட்டியும் பகுதி சபாவும் அமைக்க 2022-ல் விதிகள் வந்தன. பகுதி சபாவில் கலந்துகொள்ள, அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். சொந்த வீடா, வாடகை வீடா என்று யாரும் கேட்பதில்லை. கவுன்சிலர் கூட்டும் சபையில் எழுந்து நின்று பேசலாம், தெருச் சங்கத்தில் மட்டும் பேசக்கூடாது என்றால் நன்றாகவா இருக்கிறது?

கணக்கு வழக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு இருப்பவர்களிடம் சந்தா மட்டும் கேட்டு, வரவு செலவைக் காட்டாமல் இருந்தால் யாரும் மனமுவந்து கொடுக்க மாட்டார்கள். வாட்ச்மேன் சம்பளத்துக்கும் சிசிடிவி ரிப்பேருக்கும் மாதம் நூறு ரூபாய் கொடுப்பவருக்கு ஒரு ரசீதும், வருஷக் கடைசியில் ஒரு பக்கக் கணக்கும் கிடைக்க வேண்டும். பதிவு பெற்ற சங்கங்கள் வருஷந்தோறும் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அதையே ஒரு பிரதி எடுத்துத் தெருமுனை போர்டில் ஒட்டினால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

கூட்ட நேரமும் எனக்கு உறுத்துகிறது. ஞாயிறு காலை பதினோரு மணிக்குக் கூட்டம் என்றால் பெண்கள் எப்படி வருவார்கள்? வாரத்தில் அன்று ஒருநாள்தான் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. அந்த நேரத்தில் குக்கர் அடுப்பில் இருக்கும். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த முனையில் தெருவிளக்கு எரியவில்லை, எந்த வீட்டுத் திண்ணையில் இரவில் யார் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்துப் பாருங்கள். நாற்காலி பத்தாமல் போகும்.

ஆகவே, விழாக் கமிட்டியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கலுக்கு அழைப்பு நோட்டீஸைக் கேட்டில் சொருகிவிட்டுப் போகாதீர்கள். மாடிப்படி ஏறி ஒவ்வொரு போர்ஷனிலும் காலிங் பெல்லை அடியுங்கள். பின்கட்டில் நாலு பேராகச் சேர்ந்து தங்கியிருக்கும் ஐ.டி. பையன்களை வாலிபால் நெட் கட்டக் கூப்பிடுங்கள். பீகாரிலிருந்து வந்து ஹோட்டலில் வேலை செய்யும் தம்பிகளுக்கும் உறியடியில் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். தெருமுனை அயர்ன் வண்டிக்காரர் குழந்தையின் பெயரையும் சாக்கு ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். போகும்போது கையில் ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கட்டும். வீட்டு நம்பர், குடியிருப்பவர் பெயர், போன், வீட்டில் வயதானவர்களோ படுத்த படுக்கையாக இருப்பவர்களோ உண்டா என்று, அவர்கள் விருப்பப்பட்டுச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டைப் பத்திரமாகப் பொருளாளரிடம் கொடுத்து வையுங்கள். குரூப்பில் போட வேண்டாம்.

வாடகைக்கு இருக்கும் வாசகர்களே, உங்களிடமும் கேட்கிறேன். பெல் அடித்தால் 'ஓனர் இல்லைங்க' என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். வந்தவர் உங்களைத்தான் தேடி வந்திருக்கிறார்.

உங்கள் தெருச் சங்கத்தில் வாடகைதாரர்களை ஏற்கெனவே உறுப்பினராகச் சேர்த்திருக்கிறீர்களா? பைலாவில் அதற்கு என்ன வாசகம் எழுதினீர்கள், சந்தாவை எப்படிப் பிரித்தீர்கள், ஓட்டுரிமை கொடுத்தீர்களா என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். தை இதழில் இரண்டு பக்கம் அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்